நான் யார் தெரியுமா?

டோல்கேட்டிலிருந்து சட்டமன்றம் வரை... விதிவிலக்கு என்னும் தனி வாசல்!

தேசிய நெடுஞ்சாலையில் எந்த டோல்கேட்டை நெருங்கினாலும் ஒரு பெரிய பலகை நிற்கும். கட்டணம் கட்டத் தேவையில்லாதவர்களின் பட்டியல் அது. காசு கட்டப் போகிறவர்கள் அதைப் படிப்பதில்லை. கட்டத் தேவையில்லாதவர்களுக்குப் படிக்கும் அவசியமே இல்லை. ஆனால், இந்த நாட்டில் அதிகாரம் எப்படிப் பரிமாறப்படுகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர், வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஒருமுறை அதை வாசிக்கலாம்.

குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர்கள், முதலமைச்சர்கள், உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், தங்கள் மாநிலத்துக்குள் பயணிக்கும் சட்டமன்ற உறுப்பினர்கள் என்று பட்டியல் இறங்கும். பரம்வீர் சக்ரா, அசோக சக்ரா போன்ற வீர விருதுகளைப் பெற்றவர்கள் வருவார்கள். ராணுவம், காவல்துறை, தீயணைப்புத் துறை வரும். ஆம்புலன்ஸ் வரும், அமரர் ஊர்தி வரும், மாற்றுத்திறனாளிகளுக்கென்றே வடிவமைத்த வாகனமும் வரும்.

பலகை ஒன்றுதான். அதற்குள் இருக்கும் நியாயங்கள் வேறு வேறு. ஆம்புலன்ஸுக்குள் படுத்திருப்பவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. அங்கே ஒவ்வொரு நிமிடமும் உயிர், அதனால் விலக்கு. அமரர் ஊர்தியை மறித்துக் காசு கேட்பது மனிதத் தன்மை ஆகாது. வீர விருது பெற்றவருக்கு நாடு நன்றி சொல்கிறது. சரி, எம்.பி-க்கு எதற்கு? தொகுதிப் பணிக்காக என்று பதில் வரும். இந்தப் பட்டியலுக்கு மூலமான 2008-ம் ஆண்டின் நெடுஞ்சாலைக் கட்டண விதிகளைப் பார்த்தால் ஒரு வேடிக்கை புரியும். தீயணைப்பு வண்டிக்கும் காவல் வாகனத்துக்கும் ‘அலுவல் பணிக்காக’ என்ற நிபந்தனை உண்டு. உயர் பதவிக்காரர்களுக்கு அந்த நிபந்தனை இல்லை. வண்டிக்குள் அவர் இருந்தால் போதும். தொகுதிக்குப் போகிறாரா, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறாரா என்பது கேள்வியே இல்லை.

வேலைக்காகக் கொடுப்பது ஒரு வகை விலக்கு. ஆளுக்காகக் கொடுப்பது இன்னொரு வகை. முதல் வகை இல்லாமல் எந்தச் சமூகமும் நடக்காது. இரண்டாவது வகை மெல்ல மெல்லச் சமூகத்தையே அரித்துவிடும். டோல்கேட்டில் அரசு இழக்கும் சில நூறு ரூபாயைப் பற்றிய கவலை அல்ல இது. ஒரு விதியின் கீழ் நிற்காதவருக்கு, அந்த விதி எங்கே பழுதாகியிருக்கிறது என்பது தெரியவே தெரியாது. நம் ஊரில் விதியை எழுதுகிறவரும், விலக்கு வாங்கியிருப்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள். பிறகு விதி எப்படித் திருந்தும்?

கலாமைச் சோதித்தால் நமக்கு ஏன் வலித்தது?

2009 ஏப்ரலில் டெல்லி விமான நிலையத்தில், அமெரிக்கா செல்லவிருந்த முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமை கான்டினென்டல் ஏர்லைன்ஸ் ஊழியர்கள் மற்ற பயணிகளைப் போலவே சோதனை செய்தார்கள். முன்னாள் குடியரசுத் தலைவர்களுக்கு இந்தியாவின் விமானப் பாதுகாப்பு விதிகள் விலக்கு அளித்திருந்தன. மூன்று மாதம் கழித்து விஷயம் வெளியே வந்தபோது நாடாளுமன்றம் கொந்தளித்தது. விமான நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2011 செப்டம்பரில் நியூயார்க்கில் மறுபடியும் அதே கதை. விமானத்தில் ஏறி அமர்ந்த பிறகு அவருடைய கோட்டையும் ஷூவையும் வாங்கிக்கொண்டு போய்ச் சோதித்தார்கள். இந்தியா கண்டித்தது, அமெரிக்கா வருத்தம் தெரிவித்தது.

இவ்வளவு ஆர்ப்பாட்டத்திலும் புகார் கொடுக்காத ஒரே ஆள் கலாம்தான். ராமேஸ்வரத்தில் பிறந்து ராஷ்டிரபதி பவன் வரை போன அந்த மனிதருக்கு, ஷூவைக் கழற்றுவது தன் மதிப்பைக் குறைக்கும் செயலாகத் தோன்றவில்லை. நமக்குத்தான் தோன்றியது.

நம் மனதில் விதிக்கு உட்படுவது இழிவு, விலக்குப் பெறுவது மரியாதை. கலாமுக்கு அவமரியாதை நடந்துவிட்டதாக நாம் பதறியது அவர்மீது வைத்த அன்பினால்தான். ஆனால், அந்தப் பதற்றத்துக்குள் ஒரு கணக்கும் ஒளிந்திருந்தது: ‘அவரை எங்களைப் போல நடத்திவிட்டார்களே!’ அப்படியென்றால் நம்மை நடத்துகிற விதம் கேவலமானது என்பதை நாமே ஒப்புக்கொண்டுவிட்டோம். அதை மாற்றச் சொல்லி யாரும் நாடாளுமன்றத்தில் குரல் எழுப்பவில்லை.

சோதனையிலிருந்து விலக்குப் பெற்றவர்களின் அதே விமான நிலையப் பட்டியலில், பதவிகளுக்கு நடுவே ஒரு தனிமனிதரின் பெயர் பெயராகவே இருந்தது: சோனியா காந்தியின் மருமகன் ராபர்ட் வதேரா. சிறப்புப் பாதுகாப்பு பெறுபவர்களுடன் பயணிக்கும்போது அவரையும் சோதிக்க வேண்டாம் என்று ஏற்பாடு. பல ஆண்டு விமர்சனங்களுக்குப் பிறகு 2015-ல்தான் அது நீக்கப்பட்டது. பதவிக்கென்று தொடங்கும் விலக்கு, பதவிக்காரரின் குடும்பத்துக்கும் வந்து சேர அதிக காலம் ஆவதில்லை.

விளக்கு போனது, ஸ்டிக்கர் வந்தது

கார் தலையில் சுழலும் சிவப்பு விளக்கு ஒரு காலத்தில் அதிகாரத்தின் கிரீடமாக இருந்தது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அரசியலமைப்புப் பதவிகளில் இருக்கும் உயர்நிலையினர் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று எல்லை வகுத்தது. 2017 மே 1 முதல் மத்திய அரசு பிரதமர் உட்பட எவருக்கும் சிவப்பு விளக்கு கிடையாது என்று விதியையே மாற்றியது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல்துறை போன்ற அவசரப் பணி வாகனங்களுக்கு மட்டும் சுழல் விளக்கு தங்கியது. வேலைக்கான விலக்கை வைத்துக்கொண்டு, ஆளுக்கான விலக்கை எடுத்த அபூர்வமான தருணம் அது.

விளக்கைக் கழற்றினால் ஆசை கழன்றுவிடுமா? கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் ஸ்டிக்கர்கள் முளைத்தன. பிரஸ், போலீஸ், வழக்கறிஞர், அரசு, கட்சிக் கொடி, சங்கத்தின் சின்னம். கணவர் காவலராக இருந்தால் மனைவியின் ஸ்கூட்டியிலும் ‘போலீஸ்’. இவற்றில் ஒன்றுகூடச் சட்டம் தந்த விலக்கு இல்லை. சிக்னலில் நிற்கும் காவலருக்கு வாகனம் பேசும் ஜாடை அது: ‘என்னை நிறுத்தினால் யாருக்கு போன் போகும், யோசித்துக்கொள்.’

2024 மே மாதம் தொடங்கி, தனியார் வாகனங்களில் இப்படிப்பட்ட ஸ்டிக்கர்களை ஒட்டினால் அபராதம் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தது. பாராட்டத்தக்க முடிவு. அடுத்து என்ன நடந்தது தெரியுமா? மருத்துவர்களுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. அவசர அழைப்புக்கு ஓடும் மருத்துவருக்கு அடையாளம் தேவை என்ற வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனாலும், விலக்கை ஒழிக்கும் உத்தரவிலிருந்தே விலக்குக் கேட்கும் முதல் மனு சில நாட்களிலேயே வந்துவிடுகிறது என்பதுதான் நம் நாட்டு நடப்பு.

வெள்ளைக்காரர் விட்டுச்சென்ற சொத்து

விசேஷ வாசல்கள் நேற்று முளைத்தவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் குடிமகன் ஒருவன் மாகாணத் தலைநகரங்களுக்கு வெளியே குற்றம் செய்தால், இந்திய நீதிபதி அவனை விசாரிக்க முடியாது. 1878-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் இந்தியர்களுக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. தோலின் நிறமே அனுமதிச் சீட்டு.

1883-ல் வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் அரசு, இந்திய நீதிபதிகளும் ஐரோப்பியர்களை விசாரிக்கலாம் என்று ஒரு மசோதா கொண்டுவந்தது. கொண்டுவந்த சட்ட உறுப்பினரின் பெயரால் அது இல்பர்ட் மசோதா. தோட்ட முதலாளிகளும் கல்கத்தா ஆங்கிலேயர்களும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். ‘எங்களைப் போய் இந்தியன் விசாரிப்பதா?’ என்பதுதான் அவர்களுடைய ஒரே வாதம். அரசு பணிந்தது. ஐரோப்பியர் மீதான வழக்கில், பாதிப் பேர் ஐரோப்பியர்களோ அமெரிக்கர்களோ ஆன ஜூரியை அவர்கள் கோரலாம் என்ற சமரசத்தோடு 1884-ல் சட்டம் நிறைவேறியது. தோற்றுப்போன அந்த முயற்சிக்காகவும் உள்ளாட்சி அதிகாரத்துக்காகவும் ரிப்பனை இந்தியர்கள் கொண்டாடினார்கள். சென்னை மாநகராட்சியின் வெள்ளை மாளிகைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

விடுதலைக்குப் பிறகு மன்னர்களின் முறை. இந்தியாவோடு இணைந்த சமஸ்தானங்களின் அரசர்களுக்கு வரியில்லாத மன்னர் மானியம், பட்டங்கள், தனிச் சலுகைகள் வாக்களிக்கப்பட்டன. அவர்கள்மீது வழக்குத் தொடர மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். 1971-ல் 26-வது அரசியல் சட்டத் திருத்தம் அவற்றுக்கு முடிவு கட்டியது. அரசர்கள் சாதாரணக் குடிமக்கள் ஆனார்கள். அவர்கள் காலி செய்த நாற்காலியில் அரசியல்வாதிகள் உட்கார்ந்துகொண்டார்கள்.

நம் மண்ணில் இதற்கு நேர் எதிரான சிந்தனையும் இருந்திருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்கான தகுதிகளைப் பட்டியலிடுகின்றன. வாரியத்தில் பணியாற்றிவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. அதிகாரத்தைத் தொட்டவருக்கு விதி குறையவில்லை, கூடியது. அந்தச் சபை நிலமுள்ள பிராமண ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஊரில் பெரும்பாலோர் குடத்துக்கு வெளியேதான் நின்றார்கள். ஆனால், குடத்துக்கு உள்ளே இருந்தவர்கள் தங்கள் உறவுக்காரர்களுக்கும் சேர்த்துத் தங்களைக் கட்டிக்கொண்டார்கள். மருமகன் பெயரையும் விலக்குப் பட்டியலில் சேர்த்த ஒரு காலத்தில் நின்று பார்க்கும்போது அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

லஞ்சம் வாங்கியவருக்கும் கேடயம்

சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பேசும் பேச்சுக்கும் போடும் வாக்குக்கும் உறுப்பினர்மீது வழக்குப் போட முடியாது. ஆட்சியாளருக்கு அஞ்சாமல் மக்கள் பிரதிநிதி பேச வேண்டும் என்பதற்காக அரசியல் சட்டத்தின் 105, 194 பிரிவுகள் தரும் பாதுகாப்பு அது. மிகவும் தேவையானது. வேலைக்கான விலக்கு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அது எப்படி ஆளுக்கான விலக்காக மாறியது என்று பாருங்கள். 1993-ல் நரசிம்ம ராவின் சிறுபான்மை அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தப்பிப் பிழைத்தது. ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா எம்.பி-க்கள் சிலர் பணம் வாங்கிக்கொண்டு வாக்களித்தார்கள் என்று வழக்கு. 1998-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூவர் எழுதிய தீர்ப்பு, பணம் வாங்கிக்கொண்டு சொன்னபடி அவையில் வாக்களித்தவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்றது. வாங்கிவிட்டு வாக்களிக்காமல் விட்டவருக்குப் பாதுகாப்பு கிடையாது. வாங்கிய காசுக்கு விசுவாசமாக இருந்தவர் தப்பலாம், துரோகம் செய்தவர் மாட்டுவார்!

இந்த விநோதம் 26 ஆண்டுகள் நாட்டின் சட்டமாக இருந்தது. 2024 மார்ச் 4 அன்று, சீதா சோரன் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாக அதைத் தூக்கி எறிந்தது. லஞ்சம் வாங்குவது அவைப் பணி ஆகாது. வாங்கிய நொடியிலேயே குற்றம் முடிந்துவிடுகிறது என்றது தீர்ப்பு. விலக்கு எந்த வேலைக்காகத் தரப்பட்டதோ அந்த வேலைக்குள் நின்றால்தான் அது செல்லும் என்பதை நீதிமன்றம் சொல்ல கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

அரசு ஊழியர்கள்மீது வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற ஏற்பாடும் வெள்ளையர் காலத்துச் சரக்குதான். கடமையைச் செய்ததற்காக நேர்மையான அதிகாரி கோர்ட் படியேறி அலையக் கூடாது என்பது அதன் நோக்கம். நடைமுறையில், அனுமதிக் கோப்பு மேசையிலிருந்து நகராமல் இருந்தாலே போதும், வழக்கு செத்துவிடும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இதற்கு 120 நாள் கெடு வைத்திருக்கிறது. அதற்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும்.

ஒழுங்காகக் கட்டியவன் ஏமாளி

வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் இத்தனை அடி விட வேண்டும், முன்னால் இத்தனை அடி விட வேண்டும், இத்தனை மாடிக்கு மேல் போகக் கூடாது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய அரை கிரவுண்டில் பாதியை விதிக்குக் கொடுத்துவிட்டு, மீதியில் வீடு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு எதிரிலேயே நாலு பக்கமும் சுவரோடு சுவராக ஆறு மாடி எழும்பும்.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-வது பிரிவு, எந்தக் கட்டடத்துக்கும் விதிகளிலிருந்து விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்திருக்கிறது. 1980-களின் பிற்பகுதியில் இப்படி வரிசையாக 62 அரசாணைகள் வந்தன. ஒரு நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட, 2000-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அந்த 62-ஐயும் ரத்து செய்தது. அரசுக்கு அதிகாரம் இருக்கிறது, ஆனால் இந்த ஆணைகளில் காரணமே இல்லையே என்பதுதான் நீதிமன்றத்தின் கேள்வி.

அதே தீர்ப்பில், விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தும் 113-ஏ பிரிவை ஒரே ஒரு முறை என்ற அளவில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒருமுறை என்பது நம் ஊரில் எப்போது ஒருமுறையோடு நின்றது? கெடு நீண்டது. 2006-ல் உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளைத் தள்ளியது. பிறகு 2007 ஜூலைக்கு முன் எழும்பிய கட்டடங்களுக்காக 113-சி வந்தது.

ஒவ்வொரு மன்னிப்பும் இரண்டு பேருக்குச் சேதி சொல்கிறது. மீறியவருக்கு: ‘கொஞ்சம் பொறுத்திரு, அடுத்த திட்டம் வரும்.’ மீறாதவருக்கு: ‘நீ ஏமாளி.’ இரண்டாவது சேதிதான் ஆபத்தானது. தனக்கு மட்டும் பொருந்தும் விதியை எத்தனை நாள் ஒருவர் மதிப்பார்?

எழுதப்படாத விலக்கு இன்னும் கொடியது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் எரிந்துபோன பள்ளிக்கு எந்த அரசாணையும் விலக்குத் தரவில்லை. கூரை வேய்ந்த வகுப்பறையும், குறுகலான வழியும், பக்கத்திலேயே அடுப்பும் எந்த ஆய்வாளர் கண்ணிலும் படாமல் இருந்தன, அவ்வளவுதான். படாமல் இருந்ததே ஒரு விலக்கு. அதற்கான விலையை அதை அனுபவித்தவர்கள் கொடுக்கவில்லை.

இவர்களுக்கு மரியாதை, அவர்களுக்கு ஓசி

தேர்வறையில் பார்வையற்ற மாணவர் ஒருவருக்கு, சொல்வதை எழுத ஓர் ஆள் தரப்படுகிறார். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு. இது விலக்கா? மேலோட்டமாகப் பார்த்தால் ஆம். உண்மையில், மற்றவர்கள் எழுதும் அதே தேர்வை அவரும் எழுதுவதற்கான ஏற்பாடு. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்னை உள்ள ஒரு குடிமைப் பணித் தேர்வருக்கு எழுத்தர் மறுக்கப்பட்டபோது, 2021-ல் உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொன்னது: இது கருணை இல்லை, உரிமை. கீழே நிற்பவரைச் சமதளத்துக்குக் கொண்டுவரும் விலக்கு ஒன்று; மேலே நிற்பவரை இன்னும் மேலே ஏற்றும் விலக்கு மற்றொன்று.

ஆனால், சமூகம் எதைக் கேலி செய்கிறது? 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற பெண்களின் கையில் நாளுக்குச் சில பத்து ரூபாய் மிஞ்சியது. உடனே ஒரு சொல் கிளம்பியது: ‘ஓசி’. பேருந்தில் கண்டக்டர் சொன்னார், பக்கத்தில் நின்ற ஆண் சொன்னார், மேடையில் ஓர் அமைச்சரே சொல்லிக் கண்டனம் வாங்கினார்.

டோல்கேட்டில் காசு கட்டாமல் போகிற காரைப் பார்த்து யாராவது ஓசி என்று சொன்னதுண்டா? அங்கே அது மரியாதை, நெறிமுறை, ப்ரோட்டோகால். பூ விற்கும் அம்மாள் கட்டாத சில ரூபாய் ஓசி. ஒரே செயலுக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறோம். எந்தப் பெயரைச் சொல்வது என்பதை முடிவு செய்வது, எதிரில் நிற்பவரின் சட்டைதான்.

கோயிலுக்குள் போனால் இன்னும் தெளிவாகத் தெரியும். தர்ம தரிசன வரிசை கம்பிக்குள் மணிக்கணக்கில் நிற்கும். டிக்கெட் வாங்கியவர் தனி வழியில் போவார். சிபாரிசுக் கடிதம் உள்ளவர் டிக்கெட்டும் இல்லாமல் கருவறைக்கு முன்னால் போய் நிற்பார். வி.ஐ.பி தரிசனத்துக்கு எதிரான ஒரு மனுவை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. சிறப்புச் சலுகை கூடாது என்பதே தங்கள் கருத்து என்று சொல்லிவிட்டு, முடிவைக் கோயில் நிர்வாகங்களிடமும் சமூகத்திடமும் விட்டது. பந்து நம் பக்கம்.

வரிசையில் நிற்காதவர் வரிசையைக் குறைப்பாரா?

2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஒரு துணிச்சலான உத்தரவு போட்டது. அரசு ஊழியர்கள், மக்கள் பிரதிநிதிகள், நீதித்துறையினர் உட்பட அரசிடம் சம்பளம் வாங்குகிற எல்லோரும் தங்கள் குழந்தைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்க்க வேண்டும். அதற்கு வழி செய்யுங்கள் என்று உத்தரப் பிரதேசத் தலைமைச் செயலாளரிடம் சொன்னது. கலெக்டரின் மகளும் அதே வகுப்பில் உட்கார்ந்தால் கூரை ஒழுகுமா, ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்குமா என்பதுதான் அதன் தர்க்கம். உத்தரவு ஏட்டோடு நின்றது. தர்க்கம் இன்றும் யாராலும் உடைக்கப்படாமல் இருக்கிறது.

அந்தத் தர்க்கம் நடைமுறையில் வேலை செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1997-ல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டால் இரண்டாகப் பிரித்தபோது, தமிழ்நாடு அதற்கு உடன்படவில்லை. கார்டு எல்லோருக்கும் என்ற கொள்கையில் நின்றது. அரசு ஊழியர் வீட்டுக் கார்டும் கூலித் தொழிலாளி வீட்டுக் கார்டும் ஒரே கடையில் பதிவாகின. பருப்பு வராவிட்டால் கேள்வி கேட்கத் தெரிந்தவரும் அந்த வரிசையில் இருந்தார். நாட்டிலேயே நன்றாக நடக்கும் பொது விநியோகங்களில் ஒன்றாகத் தமிழ்நாடு பேசப்படுவதற்கு இது முக்கியக் காரணம் என்று பொருளாதார அறிஞர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஏழைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிய சேவை, ஏழைச் சேவையாகத்தான் முடியும்.

விலக்கின் உண்மையான விலை இங்கே தெரிகிறது. அமைச்சரின் கார் சிக்னலில் நிற்காது; அதனால் சிக்னல் எவ்வளவு நேரம் எரிகிறது என்று அவருக்குத் தெரியாது. அவர் வீட்டுக்கு டாக்டர் வருவார். அரசு மருத்துவமனையின் ஓ.பி சீட்டு வரிசை அவருக்குச் செய்தித்தாள் படம். பட்டாவுக்காக அவர் தாலுகா ஆபீஸ் படி ஏறியதில்லை. கெட்டவர் என்பதால் அவர் இவற்றைச் சரி செய்யாமல் இருக்கிறார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு இவை இருப்பதே தெரியாது.

ஊரடங்கு சொன்ன பாடம்

கொரோனா காலம் இதை உலகம் முழுக்கப் போட்டு உடைத்தது. பிரிட்டனில் மக்கள் சாவு வீட்டுக்குக்கூடப் போக முடியாமல் இருந்தார்கள். 2021 ஏப்ரலில் கணவரின் இறுதிச் சடங்கில் எலிசபெத் ராணி முகக்கவசத்தோடு தனியாக உட்கார்ந்திருந்தார். அதற்கு முந்தைய இரவு பிரதமர் அலுவலகத்தில் ஊழியர்கள் விருந்து கொண்டாடியது பின்னால் தெரியவந்தது. விசாரணையில் மொத்தம் 126 அபராதங்கள். 2020-ல் தன் பிறந்த நாளுக்கு நடந்த ஒரு கூட்டத்துக்காகப் பிரதமர் போரிஸ் ஜான்சனே 2022 ஏப்ரலில் அபராதம் கட்டினார். பதவியில் இருக்கும்போது சட்டத்தை மீறியதாகத் தண்டம் கட்டிய முதல் பிரிட்டிஷ் பிரதமர் அவர். அதற்கு முன்பே, 2020-ல் அவருடைய ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ் ஊரடங்கில் நெடுந்தூரம் பயணித்த செய்தி வந்தபோது, அரசுமீது மக்கள் வைத்திருந்த நம்பிக்கை சரிந்ததை லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு காட்டியது.

அதே 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட, செல்போன் கடை நடத்திவந்த ஒரு தந்தையும் அவர் மகனும் காவல் நிலையத்தில் சித்திரவதைக்கு ஆளாகி அடுத்தடுத்து இறந்தார்கள். சில நிமிடத் தாமதம் என்ற குற்றச்சாட்டுக்கு இரண்டு உயிர். சட்டத்தைக் காக்கும் சீருடை, தன்னைச் சட்டத்துக்கு மேல் வைத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. விதி இறுகும்போது, மேலே இருப்பவருக்கு அது நூல். கீழே இருப்பவருக்குக் கயிறு.

நான்கு கேள்விகள்

விலக்கே கூடாது என்று சொல்வது முட்டாள்தனம். ஆம்புலன்ஸ் சிக்னலில் நிற்கச் சொல்வதா? ஒவ்வொரு விலக்கையும் நிறுத்திவைத்து நான்கு கேள்வி கேட்டால் போதும். இது வேலைக்கா, ஆளுக்கா? காரணம் எழுத்தில், எல்லோரும் படிக்கும்படி இருக்கிறதா? முடிவுத் தேதி உண்டா? இதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? அந்த 62 அரசாணைகள் இரண்டாவது கேள்வியிலேயே விழுந்துவிட்டன. கட்டட மன்னிப்பு மூன்றாவதில் விழுகிறது. எழுத்தரோடு தேர்வெழுதும் மாணவரும், டவுன் பஸ்ஸில் ஏறும் பெண்ணும் நான்கையும் தாண்டி நிற்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை சட்டமன்றத்தில், இந்த ஆண்டு எந்தெந்த விதியிலிருந்து யார் யாருக்கு விலக்குத் தரப்பட்டது என்று அரசு ஒரு பட்டியல் வைத்தால், பாதி விலக்குகள் கேட்கப்படாமலேயே போய்விடும்.

இதில் ஆட்சியாளர்களை மட்டும் திட்டிவிட்டு நகர்ந்துவிட முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போனாலும், ரயில் டிக்கெட் கிடைக்காவிட்டாலும், பிள்ளைக்குக் காலேஜ் சீட் தேடினாலும் நம் வாயில் முதலில் வருவது, ‘அங்கே யாரையாவது தெரியுமா?’ என்பதுதான். தெரிந்தவர் கிடைத்தால் நிம்மதி, கிடைக்காவிட்டால் புலம்பல். பெரிய மனிதரின் ‘நான் யார் தெரியுமா?’வும் நம்முடைய ‘யாரைத் தெரியும்?’உம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

நேர்மையாக வரிசையில் நின்றால் வேலை நடக்கும் என்ற நம்பிக்கை இருக்கும் இடத்தில் யாரும் சிபாரிசு தேடுவதில்லை. ரேஷன் கடையில் எவரும் எம்.எல்.ஏ கடிதம் நீட்டுவதில்லை. அந்த நம்பிக்கையைத் தாலுகா ஆபீஸுக்கும், அரசு மருத்துவமனைக்கும், காவல் நிலையத்துக்கும் கொண்டுவர வேண்டியவர்கள், முதலில் அந்த வரிசைகளில் வந்து நிற்கட்டும். ஒரு மாதம் நின்றால் போதும், எந்த விதி எங்கே பழுது என்று எந்த ஆலோசனைக் குழுவும் இல்லாமலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.